ரோதமுனியின் உத்தரவு

லோஜினி மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளை நம்பிக் கொடுத்த முதல் காரியமே சொந்தத் தோட்டத்தில் வந்து சிக்கிக்கொண்டது. கந்தப்பளையில் அவள் வளர்ந்த தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு குட்டி நீராவி எஞ்சின் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சின்ன ரயில் பாதையைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். சும்மா இருப்பார்களா நம் சனங்கள்? சக்கரம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காவல் ரோதமுனி. எண்ணெய் பூசி, குங்குமம் அப்பி, புகைபோக்கிக்கு மாலை போட்டு, வருஷா வருஷம் சேவல் அறுத்து அதைச் சாமியாக்கிவிட்டார்கள்.

சாமியானால் என்ன, துருவுக்குப் பயபக்தி கிடையாதே. பாய்லரின் வயிறு இற்றுப்போய், விரலை வைத்தால் உள்ளே போகிறது. இன்னும் கொஞ்ச காலம் மழையில் நின்றால் பழைய இரும்புக்கடைதான் கதி. கண்டிப் பக்கம் புதிதாகத் திறக்கவிருக்கும் மியூசியத்தில் துருவைச் சுரண்டி, மருந்து பூசி, கூரைக்கடியில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். பக்கத்தில் தோட்டத்துச் சனங்களின் பேரோடு ஒரு பலகையும் நிற்கும். துரைமார் பேரையே வாசித்துச் சலித்த லோஜினிக்கு அந்தப் பலகைமேல் அப்படியொரு ஆசை.

தோட்ட நிர்வாகம் சரியென்றது. முனிக்குப் பூசை போடுகிற அழகம்மாதான் மாட்டேனென்றாள். அழகம்மா வேறு யாருமில்லை, லோஜினியின் சொந்த அத்தை. தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள்.

"இது முனியோட ஒடம்புடி. நான் யாரு குடுக்குறதுக்கு? அதுக்கிட்டயே பூக்கட்டிக் கேப்போம். வெள்ளை வந்தா போகட்டும், செவப்பு வந்தா இங்கனயே இருக்கட்டும்," என்றாள்.

லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்கக் கூடிவிட்டது. எஞ்சினை ஏற்றிப்போகக் கிரேன் லொறியை வாடகைக்குக் கொண்டுவந்திருந்த கடைக்காரர் மஃறூப் வானத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, மழைக்கு முந்தி முடிவக் கேட்டுச் சொல்லுங்க. ரோட்டு சறுக்கினா அது ஒங்க சாமி பேச்சையும் கேக்காது."

பூ மடிக்கிற வேலை லோஜினிக்கு. ஒரு வெற்றிலையில் வெள்ளை ரோசா இதழ், இன்னொன்றில் சிவப்பு வைக்க வேண்டும். எஞ்சின் மறைவில் உட்கார்ந்தவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டிலும் வெள்ளையையே வைத்து நூலைச் சுற்றினாள். முனி மன்னிக்கும், துரு மன்னிக்காது என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அத்தை தட்டை வாங்கி, சனத்துக்கு முதுகைக் காட்டி நின்று தண்ணீர் தெளித்தாள். முந்தானையால் மூடிக் கும்பிட்டாள். கூட்டத்திலிருந்த ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அத்தை பிரித்துத் தூக்கிக் காட்டினாள். சிவப்பு.

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லோஜினிக்கு மட்டும் கை கன்னத்துக்குப் போகவில்லை. தான் மடித்தது இரண்டும் வெள்ளையாயிற்றே, சிவப்பு எந்த வழியாக வந்தது? வாய் திறந்து கேட்டால் தன் குட்டுதான் முதலில் உடையும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி விழித்தவள், அத்தையை எஞ்சின் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அத்தையின் முந்தானை முடிச்சில் லோஜினி மடித்த வெற்றிலைகள் இரண்டும் எட்டிப் பார்த்தன.

"மாத்திட்டீங்களா அத்தை?"

"நீ ரெண்டுலயும் வெள்ளைய வெப்பேன்னு எனக்குத் தெரியாதா? ஒன்னைய வளத்தவ நான்." சிரித்துக்கொண்டே சொன்ன அழகம்மாவின் முகம் சட்டென்று கோணியது. "நீ வேலைக்குப் போனதுல இருந்து, கொழுந்து எடுத்துட்டு வந்து நான் இதுக்கிட்டதான்டி பேசுறேன். கை வலி, கால் வலியெல்லாம் இதுக்கிட்டதான் சொல்றேன். இதையும் தூக்கிட்டுப் போயிட்டா நான் யாருக்கிட்ட பேசுறது?"

லோஜினிக்கு அழுகை வந்துவிட்டது. துருவைப் பார்த்தோமே, அத்தையைப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"வேணாம் அத்தை. லொறியத் திருப்பி அனுப்பிடுறேன்."

"அது எப்படி? ரெண்டு பேருமாச் சாமிய ஏமாத்திட்டு அப்படியே போயிடுறதா? இந்தத் தடவ நேர்மையாக் கேப்போம்."

முதல் பூவில் தீட்டுப்பட்டுவிட்டதென்று கூட்டத்திடம் ஒரு கதை விட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடியே வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று மடித்தார்கள். பிள்ளை திரும்பவும் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. அழகம்மா அதைக் கைக்குள் வைத்தே பிரித்தாள். பக்கத்தில் நின்ற லோஜினி எட்டிப் பார்த்தாள்.

சிவப்பு. சரி, முனிக்குப் போக மனசில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தையின் கை மூடிக்கொண்டது. எஞ்சினின் இற்றுப்போன வயிற்றைப் பார்த்தாள். லோஜினியின் முகத்தைப் பார்த்தாள். காட்டுங்கள் என்று யாரும் கேட்பதற்குள் இதழைப் பிரசாதம் போல வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"வெள்ளை!" என்று லயமே அதிரக் கத்தினாள். "முனி கெளம்பிருச்சு! மஃறூப் நானா, லொறியப் பின்னுக்கு எடுங்க!"