கூர்முனைக் குண்டு

ஏர் பிஸ்டலுக்குக் குண்டு வாங்குவது பெண் பார்ப்பது மாதிரி. ஊரே நல்லது என்று சொன்னாலும் நம் துப்பாக்கிக் குழலுக்கு ஒத்துவராமல் போகலாம். சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்த எட்மண்டுக்கு இது நன்றாகவே தெரியும். கம்பெனி அணியில் மாவட்டத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, வெவ்வேறு தயாரிப்பில் தட்டைத்தலைக் குண்டு டப்பாக்கள் சிலவற்றை வாங்கி வந்தான். தட்டைத்தலைதான் காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டது போல வட்டமாக ஓட்டை போடும். கடைக்காரர் கொஞ்சம் கூர்முனைக் குண்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

“இது போட்டிக்கு ஒதவாது சார். எலி கிலி இருந்தா அடிங்க. உள்ள பூந்துடும்.”

சுட்டுப் பார்க்க இடம் வேண்டுமே. அவன் குடியிருந்த நூம்பலில் அப்போதுதான் வயலில் கல் நட்டு மனை விற்றுக்கொண்டிருந்தார்கள். எட்மண்டின் வீட்டுக்கு அடுத்த மனையில் திருவேங்கடம் என்பவர் பாதி கட்டிய வீடு, கோர்ட் கேஸில் சிக்கி அப்படியே நின்றது. அதன் முகப்பில் ஒரு திருஷ்டி பொம்மை. வைக்கோல் திணித்த சட்டை, பேண்ட்; தலைக்கு ஒரு மண்சட்டி, அதில் முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையும். எட்மண்டின் ஜன்னலிலிருந்து சரியாகப் பத்து மீட்டர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலாயிற்று. அவன் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன், திருஷ்டி கழிப்பதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு.

பொம்மையின் நெஞ்சில் காகிதத்தைக் குத்தி, ஜன்னலில் நின்று சுட்டான். ஒரு டப்பாக் குண்டு சிதறியது. இன்னொன்று இடப்பக்கம் இழுத்தது. கடைசி டப்பாவில் இருந்தவை ஒரே ஓட்டையில் போய் விழுந்தன. குழலுக்கு ஏற்ற குண்டு கிடைத்துவிட்டது. அத்தோடு மூடிவைத்திருக்கலாம். கை சும்மா இருக்குமா? பொம்மை முறைப்பது போலிருந்தது. ஒரே ஒரு கூர்முனைக் குண்டைப் போட்டு அதன் இடது கண்ணில் விட்டான். டொக்கென்று சத்தம். சட்டி உடையவில்லை, கண்மணி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். தன் குறியை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் தயிர்சாதத்தில் கல் கடிபட்டது. துப்பிப் பார்த்தால் ஈயக்குண்டு. சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்தவன், அதைத் திருப்பிப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவைத்தான். தலை நசுங்கியிருந்தது. பக்கத்தில் குழலின் வரிகள் பதிந்திருந்தன. சுடாத குண்டில் அந்த வரி விழாது.

அடுத்தது ஷூவுக்குள் கிடந்தது. பிறகு தலையணைக்கடியில். பிறகு தூளியில். ஒரு நாள் காலையில், ஒரு வயது மகள் ஸ்டெல்லாவின் மூடிய கையைப் பிரித்தால் அதற்குள்ளும் ஒன்று.

“புள்ள வாய்ல போட்டிருந்தா இன்னாங்க ஆவுறது? ஊடு பூரா ஈயத்த எறச்சு வெச்சுகினு!” என்று கத்தினாள் மனைவி ஜெயகுமாரி.

எட்மண்ட் பக்கத்து மனைக்கு ஓடினான். பொம்மையின் சட்டையில் ஓட்டைகள் இருந்தன. வைக்கோலைப் பிரித்துத் தேடினால் ஒரு குண்டுகூட இல்லை. பின்சுவரில் கீறல்கூட இல்லை. பால் ஊற்ற வந்த உள்ளூர்க்காரி வசந்தா கேனை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

“இன்னா அண்ணாத்தே, இத்தயா சுட்டுகினு இருந்தே? கண்ணு பட்டா வாங்கிக்கத்தான் இத்த வெச்சுக்கீது. குண்ட வாங்கிக்க உள்ள யாரு கீறாங்க? வாங்கிக்க ஆளில்லாத சாமான், அனுப்புனவன் ஊட்டுக்குத்தானே திரும்பி வரும்?”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எட்மண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்ததெல்லாம் தட்டைத்தலை. அந்தக் கூர்முனை இன்னும் வரவில்லை. சோறு, ஷூ, தலையணை, தூளி, கை என்று ஒவ்வொன்றும் குழந்தையை நெருங்கித்தான் வந்திருக்கிறது. நெஞ்சில் விட்டது பிள்ளையின் கைக்கு வந்தது. கண்ணில் விட்டது எங்கே வரும்? போட்டியும் மெடலும் மறந்தே போயின.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், உச்சி வெயிலில், சுவரேறிப் பொம்மையின் தலையைக் கழற்றினான். குலுக்கினான், சத்தமில்லை. உள்ளே கைவிட்டுத் துழாவினான், ஒன்றுமில்லை. சட்டியின் வாய்ப்பக்கம் முகத்தைக் கொடுத்து, அந்தக் கண் ஓட்டையில் தன் கண்ணை வைத்துப் பார்த்தான்.

அவன் வீட்டு ஜன்னல் தெரிந்தது. உள்ளே தூளி ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரு ஆள் நின்றிருந்தான். கட்டம் போட்ட சட்டை. எட்மண்ட் இப்போது போட்டிருக்கும் அதே சட்டை. ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பிடித்திருந்தான். பிஸ்டல் பீரோவில் பூட்டியிருக்கிறது. எட்மண்ட் பையைத் தடவிப் பார்த்தான், சாவி இருந்தது.

சட்டியைப் போட்டுவிட்டுக் குதித்திருக்கலாம். கால் குதிக்கத்தான் துடித்தது. ஆனால் இங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லாவிட்டால் அந்தக் கூர்முனை எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். தூளிக்குள் ஸ்டெல்லா தனக்குத்தானே சிரிப்பது கேட்டது.

“மாதாவே” என்றான். சட்டியை முகத்தோடு இன்னும் சேர்த்து அழுத்திக்கொண்டான். ஜன்னலில் நிற்பவனை அவனுக்குத் தெரியாதா? குறி தப்பாதவன். எட்மண்ட் இமைக்காமல் கண்ணை விரித்து வைத்திருந்தான்.