கோட்டுப் போட்ட மீன்

இரண்டு வருடமாகத் தன் மகள் ஜெசிக்கா ஒரு ரஷ்யப் பெடியனோடு பழகுகிறாள் என்பது யோசெப்பினுக்குத் தெரியும். லாசாலில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஆர்த்யோம் பலமுறை வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுப் போயிருக்கிறான். ஆனால் அதே நகரத்தில் கோட்-டெ-நெய்ஜில் உள்ள அவனுடைய தாயின் வீட்டுக்கு ஜெசிக்கா பெற்றோரை ஒருநாளும் கூட்டிப் போகவில்லை. கேட்டால் "பேந்து பாப்பம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தாள்.

செப்டெம்பரில் கலியாணப் பேச்சு எழுந்த பிறகு இழுக்க வழியில்லை. ஒக்டோபரில் வரும் விடுமுறைத் திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஆர்த்யோமின் தாய் தமாரா அழைத்திருந்தாள். அதைச் சொன்ன ஜெசிக்கா, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே மேலும் ஒன்று சொன்னாள்.

"அம்மா, உங்கட அந்தக் கறுப்பு ஜாக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு வராதேங்கோ. அவ ரஷ்யாவில தியேட்டருக்கு உடுப்புத் தைச்சவ. ஆக்களை உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் அளப்பா."

கறி கிளறிக்கொண்டிருந்த யோசெப்பின் அகப்பையைக் கீழே வைத்தாள். "அதுக்காகத்தான் ரெண்டு வருசமா எங்களைக் கூட்டிக்கொண்டு போகேல்லையோ?"

ஜெசிக்கா முகம் சிவந்து அறைக்குள் போய்விட்டாள்.

யோசெப்பின் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஜாக்கெட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஜாக்கெட்டைப் பற்றிச் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. பதினொரு குளிர்காலம் கண்ட, சிப் இரண்டுமுறை மாற்றிய, உள்ளிருந்து பஞ்சு பிதுங்கும் மூட்டை அது. ஆனால் பதினான்கு வருடம் அவள் வேலை செய்தது ஒரு கோட் தொழிற்சாலையில். கோட்டுக்குக் கை பூட்டித் தைப்பதும் கொலர் வைப்பதும் அவளுடைய பொறுப்பு. நகரத்துப் பெரிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் மாட்டிக்கொண்டு நின்ற எத்தனையோ கோட்டுகள் அவள் கைபட்டவை. தனக்கென்று ஒன்று தைக்கும் எண்ணம் அவளுக்கு வந்ததே இல்லை. தொழிற்சாலை மூடிய பிறகு ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் வேலைக்குப் போனாள். தையல் மெசின் நிலக்கீழ் அறைக்குப் போயிற்று.

"இஞ்சேருங்கோ, மெசினை மேல தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றாள் கணவனிடம்.

"இப்ப என்னத்துக்கு?" என்றார் சவிரிமுத்து.

"எனக்கு ஒரு கோட் தைக்கப் போறன்."

களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மனிதர். மனைவி அந்தக் குரலில் பேசினால் மறுகேள்வி கேட்கக் கூடாது என்பதை முப்பது வருடத்தில் படித்திருந்தார். போய்த் தூக்கி வந்தார்.

கடும்பச்சைக் கம்பளித் துணி வாங்கினாள். உள்துணிக்கு, ஜெசிக்கா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று தான் உடுத்த மாம்பழ நிறப் பட்டுச் சீலையை வெட்டினாள். நான்கு ஞாயிற்றுக்கிழமை, ஜெசிக்கா ஆர்த்யோமோடு வெளியே போயிருக்கும் நேரத்தில், பூசை முடிந்து வந்ததும் மெசினில் இருந்துவிடுவாள். மகள் திரும்புமுன் எல்லாம் அலுமாரிக்குள் போய்விடும். கொலரை மூன்றுமுறை பிரித்துத் தைத்தாள். தொழிற்சாலையில் அப்படிப் பிரித்திருந்தால் மேற்பார்வையாளன் கத்தியிருப்பான். இங்கே கேட்க ஆளில்லை என்ற நினைப்பே அவளுக்கு இனித்தது.

அந்தத் திங்கட்கிழமை வெயில் இருந்தது, சூடு இல்லை. கறுப்புக் காற்சட்டை, கழுத்தை மூடிய வெள்ளைக் கம்பளிச் சட்டை, குதிகால் சற்று உயர்ந்த மண்ணிறச் சப்பாத்து, எல்லாவற்றுக்கும் மேல் முழங்கால் தாண்டும் பச்சைக் கோட். இடுப்புப் பட்டியை ஒரு பக்கமாக முடிச்சுப் போட்டாள். சவிரிமுத்துவின் கழுத்திலும் கட்டம் போட்ட ஒரு சால்வை ஏறியது.

"எனக்கேனப்பா இந்தக் கோலம்? ரஷ்யன்ர சாப்பாட்டில உப்பும் இராது, உறைப்பும் இராது. நான் ரெண்டு வாய் சோறு திண்டிட்டு வாறன்."

"வாயை மூடிக்கொண்டு வாங்கோ."

காரோடு வந்து நின்ற ஜெசிக்கா, படியிறங்கி வந்த தாயைக் கண்டதும் கதவைத் திறக்க மறந்தாள்.

"அம்மா… இது எங்க வாங்கினது?"

"வாங்கேல்லை" என்று சொல்லிவிட்டு யோசெப்பின் பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள்.

தமாரா உயரமான பெண். அறுபதைத் தாண்டியிருப்பாள். நரைத்த கொண்டை, சாம்பல் நிற உடை, இடது மணிக்கட்டில் கட்டு. முன்தினம் வழுக்கி விழுந்துவிட்டாளாம். வாசலில் பிரெஞ்சில் வரவேற்றுவிட்டு, கோட்டை வாங்கக் கை நீட்டினாள். வாங்கியவள் அதைக் கொளுக்கியில் கொளுவவில்லை. தோள் மூட்டை விரலால் தடவினாள். கொலரைத் திருப்பினாள். பிறகு கோட்டையே உள்புறமாகப் புரட்டிப் பட்டு உள்துணியையும் அதன் கைத்தையலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதை யார் தைத்தது?"

"நான்தான்" என்றாள் யோசெப்பின். பிரெஞ்சு அவளுக்குத் தொழிற்சாலையிலும் காப்பகத்துப் பிள்ளைகளிடமும் படித்தது. அன்றைக்கு அது தடுக்காமல் வந்தது.

தமாரா நிமிர்ந்து பார்த்தாள். "இருபத்தாறு வருடம் மேடைக்கு உடுப்புத் தைத்தேன். இப்படிக் கை பூட்டத் தெரிந்தவர்கள் எங்களிடம் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை."

சொல்லிவிட்டு யோசெப்பினை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

குசினியில் ஒரு சிக்கல் காத்திருந்தது. பெல்மெனி என்று இறைச்சி வைத்து மூடும் மாவுருண்டை நூறு செய்வதாகத் தமாரா நினைத்திருந்தாள். கை சுளுக்கியதால் முப்பதோடு நின்றுவிட்டது. யோசெப்பின் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கை கழுவினாள். வட்ட மாவின் நடுவில் இறைச்சி வைத்துப் பாதியாக மடித்து, பிள்ளைகளுக்குப் பல்லு முளைக்கும்போது அவிக்கிற கொழுக்கட்டைக்கு நுள்ளுவதுபோல ஓரத்தை நுள்ளிக்கொண்டே போனாள். ஆர்த்யோமும் ஜெசிக்காவும் சேர்ந்து பத்துச் செய்து முடிக்க, அவளுடைய தட்டில் நாற்பது வரிசையாக நின்றன. தமாரா அவற்றைக் கொதிக்கும் சூப்பில் போட்டாள். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

மேசையில் முதலில் வந்தது ஊதா நிறத்தில் கேக்போல ஒன்று. சவிரிமுத்து அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உரோமக் கோட்டுப் போட்ட மீன்" என்றாள் தமாரா. "அடியில் உப்பிலிட்ட மீன். மேலே உருளைக்கிழங்கு, கரட், முட்டை, கடைசியில் பீற்றூட். ரஷ்யாவில் அதற்குப் பெயரே அதுதான்."

யோசெப்பின் மொழிபெயர்த்தாள். மீன் என்ற சொல்லில் சவிரிமுத்துவின் முகம் மாறியது. மன்னாரில் பேசாலைக் கடற்கரையில் பிறந்தவர். ஒரு கரண்டி எடுத்தார், மென்றார், கண்ணை மூடினார்.

"இஞ்சேரும், இந்த மனுசிக்கு மீனுக்கு உப்புப் போடத் தெரியுமப்பா!"

மூன்றாவது முறை தட்டை நீட்டியபோது தமாரா சிரித்து மேசையைத் தட்டினாள். பெல்மெனிக்கு அவர் மிளகுத்தூள் கேட்டார். தமாராவும் தன்னுடையதில் அதே அளவு தூவிச் சாப்பிட்டாள். பிறகு தேன் கேக்கும் கறுப்புத் தேநீரும் வந்தன. கலியாணம் மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்று தேநீர் ஆறுவதற்குள் முடிவாயிற்று. மணமகளின் உடுப்பை இரண்டு தாய்மாரும் சேர்ந்து தைப்பார்கள் என்பதும் முடிவாயிற்று. மணமகளை ஒருவரும் கேட்கவில்லை.

கோப்பை கழுவும்போது ஜெசிக்கா தாயின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, உங்களை முந்தியே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேணும். என்ர பிழை."

"ஓம், பிழைதான்" என்றாள் யோசெப்பின். ஈரக் கையாலேயே மகளின் தோளை இறுக்கிப் பிடித்தாள். "அந்தத் துவாயை எடுத்து இதுகளைத் துடை."

வெளிக்கிடும்போது தமாரா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "வருகிற ஞாயிறு நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எனக்கு என்ன சமைப்பீர்கள்?"

"நண்டுக் கறி."

"உறைப்புத் தாங்குவாவோ?" என்று சவிரிமுத்து தமிழில் முணுமுணுத்தார்.

யோசெப்பின் தமாராவை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள்.

"தாங்குவா" என்றாள்.