வரிசையின் கடைசிக் கோப்பை

சாப்பாட்டு வேளை வந்தால் ருசிக்காரரின் இடது தாடைக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கம் எழும்பும். முதல் வாய் உள்ளே போவதற்குள் எழும்பி, ஒரு மணி நேரத்தில் தானாகவே வடிந்துவிடும். "உங்க தாடைக்கு யாருங்க சாப்பாட்டு மணி அடிக்கிறது?" என்று மனைவி முதலில் கேலி செய்தாள். பிறகு கேலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அவர் அசையவில்லை. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிறவருக்கு வாயில் கோளாறு என்று காற்றுவாக்கில் தெரிந்தாலும் வேலை போய்விடும்.

அந்த வேலைக்கென்று ஒரு முறை உண்டு. ஜன்னலை ஒட்டிய நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே ஆறு நிமிடம். கரண்டியில் அள்ளிக் காற்றோடு சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் டீ தூறலாகச் சிதறி நாக்கு முழுக்கப் படும், மணமும் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். மெல்லிய டீ முதலில், காட்டமானது கடைசியில். மாற்றி வைத்தால் காட்டம் மற்றதை அமுக்கிவிடும்.

வரிசையின் கடைசிக் கோப்பையில் எப்போதும் அவருடைய மைத்துனன் உலர்த்திய தூள்தான் இருக்கும். மனைவியின் தம்பியான அவன் அதே கம்பெனியில் உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் அந்தக் கடைசிக் கோப்பை உப்புக் கரித்தது. பின்னாலேயே ஒரு அழுகல் வாடை. 'கெட்ட சரக்கு' என்று எழுதினார். அடுத்த வாரமும் அப்படியே. மைத்துனன் வீடு தேடி வந்தான்.

"மாமா, நானே போட்டுக் குடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்லையே."

"அடுப்பு உன் வேலை. நாக்கு என் வேலை."

சொந்தக்காரன் என்று சலுகை காட்டவில்லை என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. மூன்றாவது சரக்கும் தேறவில்லை. மைத்துனனைச் சீட்டுக் கிழித்து அனுப்பிவிட்டார்கள்.

நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. தாடை வீக்கம் வடியவே இல்லை. மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா உறை போட்ட விரலை நாக்குக்கு அடியில் விட்டு, மறு கையால் தாடையை வெளியிலிருந்து மெல்ல அழுத்தினார். நாக்கின் அடியில் இருந்த ஊசிமுனைத் துவாரத்திலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டுக் கசிந்து நாக்கில் பட்டது.

உப்புக் கரித்தது. அதே உப்பு. அதே அழுகல் வாடை.

ஸ்கேனில் எச்சில் வரும் குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கல் வெள்ளையாகப் பளிச்சிட்டது, அதன் பின்னால் கறுப்பாக ஒரு நிழல். பட்டாணி அளவு. டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியின் எச்சில் கொஞ்சம் கெட்டியானது, சுண்ணாம்புச் சத்தும் அதில் அதிகம். போதாததற்கு அது மேல்நோக்கி ஏறித்தான் நாக்கடிக்கு வர வேண்டும். தண்ணீர் குறைந்தால் எச்சில் தேங்கும், தேங்கினால் படியும், படிந்தது கல்லாகும். தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். மதியம் வரை நாக்கில் பச்சைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதையும், தூள் நெடிக்கு வரும் தும்மலை அடக்கத் தினமும் மாத்திரை போடுவதையும் அவர் ஒப்புக்கொண்டார். அந்த மாத்திரையும் வாயை உலர்த்தும் என்றார் டாக்டரம்மா. இருபது வருஷமாக நாக்கைக் காப்பாற்றச் செய்ததெல்லாம் கல்லை வளர்த்திருந்தது.

ஒன்றை மட்டும் ருசிக்காரர் கேட்டார். அந்த மஞ்சள் சீழ் ஏன் முதல் கோப்பையிலேயே வராமல் கடைசிக் கோப்பையில் மட்டும் வருகிறது?

"ஒரு மணி நேரம் விடாம உறிஞ்சுறீங்க இல்ல? சுரப்பி சுரந்துகிட்டே இருக்கும். கல்லுக்குப் பின்னால அழுத்தம் ஏறும். கடைசியிலதான் ஓரமா கசியும்."

கல் முன்பக்கமாக இருந்தால் வாய்க்குள்ளேயே சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம். இது சுரப்பியின் உள்வாசலில் உட்கார்ந்திருந்தது, சுரப்பியும் கெட்டுப்போயிருந்தது. முதலில் மருந்தால் சீழை அடக்கி, பிறகு கழுத்தில் கீறிச் சுரப்பியையே எடுக்க வேண்டும். பக்கத்தில் நாக்குக்கு ஒரு நரம்பு, உதட்டுக்கு ஒரு நரம்பு. ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

ஒவ்வொரு சரக்கிலும் ஒரு டப்பா மாதிரியை அறுபது நாள் வைத்திருப்பது கம்பெனி வழக்கம். பக்கத்து அறையில் இன்னொரு ருசிக்காரர் இருந்தார். மூன்று டப்பாக்களை அவரிடம் நீட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் மைத்துனன் மேல் விழுந்த பழி நீங்கியிருக்கும். ஆனால் தன் நாக்கு பொய் சொன்னதை இன்னொரு நாக்கு கண்டுபிடிப்பதா? குணமாகி வந்து நாமே ருசி பார்த்து நாமே திருத்திவிடலாம் என்று நாட்களை எண்ணினார். அறுபதுக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குச் சரியாக வந்தது. மனைவியிடம் கல்லைப் பற்றி மட்டும் சொன்னார்.

காய்ச்சல் மறுபடி வந்து, சிகிச்சை இரண்டு முறை தள்ளிப்போனது. அவர் கம்பெனிக்குத் திரும்பியது எழுபதாம் நாள். நாக்கின் இடது பாதி மரத்துக் கிடந்தது; இடது உதட்டோரம் சற்றுத் தொங்கியது. சில மாதங்களில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றிருந்தார் டாக்டரம்மா. டப்பாக்களை அறுபதாம் நாளே கொட்டிவிட்டார்கள்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அன்னிக்குச் சொன்ன நாக்குல சீழ். இன்னிக்குச் சொல்ற நாக்குல உணர்ச்சி இல்ல. நான் எதை சார் நம்புறது?"

அடுப்புக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது என்றார். மேசைக்கும் ஆள் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டார்.

வீட்டில் மனைவியிடமும் சொன்னார். தம்பி ஊரை விட்டுப் போய் ஒரு மாதமாகியிருந்தது; போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அவள் அழவில்லை, ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவ்வளவு நாளும் உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஆமென்று தலையசைத்தார். அவள் எழுந்து போய் டீ போட்டு வந்து முன்னால் வைத்தாள். பழக்க தோஷத்தில் 'சர்ர்' என்று உறிஞ்சினார். வலது பக்கம் சூடு தெரிந்தது, துவர்ப்பு தெரிந்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை.

"ஒழுகுது" என்றாள் அவள். துடைக்கத் துணி எடுத்துத் தரவில்லை. எந்தப் பக்கம் என்றும் சொல்லவில்லை.