சூட்டுக்களத்துக்கு வந்த வைரசு

1964 மாசியில், பற்றீரியாவைத் தின்னும் வைரசு ஒன்று வன்னியின் வட்டக்கச்சியில் பரமலிங்கத்தார் நெல் மிதிக்கும் சூட்டுக்களத்தில் வந்து இறங்கியது. தென்னை உயரம் இருக்கும். மேலே மூலைமூலையாய்ப் பெரிய தலை, நடுவில் நீண்ட வால், அடியில் மெல்லிய கால்கள். நெல் மிதித்த எருமைகள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் சுற்றின. அந்த மாதம் கொச்சிக்காய் விலை ஏறியிருந்தது. சனம் அதைத்தான் கூடக் கதைத்தது.

அவரின் மூத்த மகள் விமலேஸ்வரி மட்டும் வைரசின் அடிக்கு ஓடினாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷமாக அவள் இந்த வாலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். வால் முழுக்கப் புரத உருண்டைகள், வளையத்துக்கு மேல் வளையமாக. ஒரு வளையத்தில் எத்தனை உருண்டை? அது தெரிந்தால் அமைப்பு பிடிபட்டுவிடும். நுணுக்குக்காட்டிப் படங்களிலோ எல்லாம் ஒரே புகை. பங்குனிக்குள் விடை சொல்லாவிட்டால் ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போய்விடும். இப்போது அதே உருண்டைகள் இளநீர்க் குலை போலக் கண்முன்னே! எண்ணுவதுதானே மிச்சம்?

அங்கேதான் சிக்கல். மிதித்த நெல்லை அள்ளி முடியுமுன் களத்தில் யாராவது வாயால் எண்ணிக்கை சொன்னால், பூதம் நெல்லைக் கொண்டுபோய்விடும். பரமலிங்கத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர். வன்னி வழக்கத்தை இங்கே வந்து பழகியதால் இங்கே பிறந்தவர்களைவிடக் கடுமை. "இதுதான் எங்கட முதல் நல்ல விளைச்சல், பிள்ளை. வாயைத் திறந்திடாதை" என்றார்.

சரியென்று மனதுக்குள் எண்ணினாள். வளையங்கள் ஒவ்வொன்றும் கீழுள்ளதைவிடச் சற்றுத் திரும்பியிருந்ததால், சுற்றி வரும்போது தொடங்கிய உருண்டை எதுவென்று தவறிக்கொண்டே போனது. அடையாளம் வைக்கலாமென்றால் அடி வளையமே தலைக்கு மேலே. ஓரிடத்தில் நின்றால் பாதிதான் தெரியும். பொழுது சாய, வைரசு கால்களை ஊன்றி வாலைச் சுருக்கத் தொடங்கியது. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் இறங்கின. என்ன அழகு அது! அவள் பார்த்துக்கொண்டே அழுதாள். இனி எல்லாம் நெருங்கி ஒன்றாகிவிடும்.

மறுபக்கத்திலிருந்து பரமலிங்கத்தாரின் குரல் வந்தது.

"அடி வளையத்தில என்ர பக்கம் மூண்டு, பிள்ளை!"

களத்தில் நின்றவர்கள் நெற்குவியலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய பக்கமும் மூன்று. ஆறு! விமலேஸ்வரி வைக்கோலில் விழுந்து புரண்டு சிரித்தாள்.

பூதங்கள் வழக்கப்படி வந்தன. நெற்குவியல் நிலத்தைவிட்டு எழும்பி, மர உயரத்தில் காட்டுப் பக்கம் போனது. வைரசும் போய்விட்டது. அந்த வருஷம் முழுக்க வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான். கிழங்கு அவிக்கும்போதெல்லாம் மனைவி அன்னபாக்கியம் பரமலிங்கத்தாரை வாய் ஓயாமல் திட்டினார். அவரோ வந்தவர் போனவருக்கெல்லாம் ஒரு கிழங்கை நிமிர்த்திப் பிடித்து, இந்தப் பக்கம் மூன்று விரலும் அந்தப் பக்கம் மூன்று விரலும் வைத்து, "வாலின்ர அமைப்பு இதுதான். என்ர மகள் கண்டுபிடிச்சவள்" என்று சொல்லிவிட்டு, கிழங்கை உரித்துச் சாப்பிட்டார்.