பூபாலன் மேட்டுக் கல்வட்டம்

பூபாலனின் நிலத்தை ஒட்டி ஒரு மேடு. மணலும் சரளையும் உருண்டைக் கூழாங்கல்லுமாகக் கிடக்கும். கம்பு விதைத்தால்கூட அதுவாக மனது வைத்தால்தான் முளைக்கும். அதன் உச்சியில், இடுப்பளவுப் பாறைகள் பஞ்சாயத்துக்குக் கூடியதுபோல் வட்டமாக நின்றன. அங்கிருந்து பார்த்தால் திருத்தணி மலைக் கோபுரம் தெரியும். பள்ளிப்பட்டு டீக்கடையில் எவன் சிக்கினாலும் பூபாலன் அந்தக் கல்வட்டத்தின் பெருமையைப் பேசாமல் விடமாட்டார். கேட்டவன் டீயை ஆற வைத்துவிட்டு எழுந்து போனதும் உண்டு.

இப்போது சாலை போடும் ஒப்பந்தக்காரரின் கண் அந்தச் சரளை மேல் விழுந்துவிட்டது. மேட்டில் பாதி புறம்போக்கு, பூபாலன் முடியாது என்றால் மட்டும் போதாது. தொல்லியல் அதிகாரி புவனா சென்னையிலிருந்து வந்து பார்த்து, பழங்காலப் புதைகுழிதான் என்று எழுதினால் மேட்டை ஒருவரும் தொடமுடியாது. எழுதாவிட்டால் லாரி வந்துவிடும்.

அதிகாரி வருகிறார் என்றதும் பூபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஊர் என்ன செய்யுமோ அதையெல்லாம் செய்தார். கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார், அதன்மேல் காவிப் பட்டை இழுத்தார். வட்டத்தில் ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது. வருகிறவர் முன்னால் பொக்கை வாயைக் காட்டுவதா? குவாரியிலிருந்து ஒரு கல்லை டிராக்டரில் இழுத்து வந்து, பள்ளம் தோண்டி நட்டு, அதற்கும் பட்டை போட்டார்.

“அது பாட்டுக்குக் கீது. இன்னாத்துக்குய்யா நோண்டிகினுகீற?” என்றாள் மனைவி பங்காரு.

“உனுக்கு ஒன்னும் தெரியாது, சும்மா இரு.”

மறுநாள் காலை புவனா ஜீப்பிலிருந்து இறங்கியதும் பூபாலன் மாலையோடு ஓடினார். அந்த அம்மாள் மாலையைப் பார்க்கவே இல்லை. வெள்ளையும் காவியுமாக நின்ற கற்களைப் பார்த்து முகம் சுருங்கிப் போனது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து புதுக்கல்லின் முன்னால் நின்றார். சுண்ணாம்பைச் சுரண்டினார். உள்ளே வெடிக்கு மருந்து வைத்த துளையின் தடம் தெரிந்தது.

“இது குவாரிக் கல்லாச்சே, ஐயா?”

“ஆங், மேடம். நானே பார்த்துப் பொறுக்கினது.”

ஒப்பந்தக்காரரின் ஆள் பிரகாஷ் பின்னாலேயே வந்திருந்தான். சிரிப்பை அடக்கக்கூட இல்லை. “நான் சொல்லல மேடம்? அல்லாமே இந்தாளு நட்டதுதான்!”

பூபாலன் கொடுக்காத மாலையைத் தன் தோளிலேயே தொங்கவிட்டார். தன் கையாலேயே மேட்டை லாரியில் ஏற்றிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“இதை நட்டப்போ பள்ளத்துல ஏதாவது கிடைச்சுதா?” என்று கேட்டார் புவனா.

“ஒன்னுமில்ல மேடம். ஒரு ஒடஞ்ச சட்டி.”

“தூக்கிப் போடப் போனாரு,” என்றாள் பங்காரு. “கோழிக்குத் தண்ணி வைக்க நான் எடுத்துகினேன்.”

புவனா மேட்டிலிருந்து வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தில் கோழிகள் சிதறின. பாதி உடைந்த சட்டி அது, பழங்காலப் புதைகுழிகளில் வைக்கிற ரகம். வெளியே சிவப்பு, உள்ளே கன்னங்கரேல், தண்ணீர் பட்ட இடம் பளபளத்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

“அந்தக் கல்லை எடுங்க. மெதுவா.”

பூபாலனே கயிறு கட்டினார், டிராக்டரை அவரே ஓட்டினார். கல் சரிந்து வெளியே வந்தது. புவனா பள்ளத்துக்குள் இறங்கி, பக்கச் சுவரைத் தூரிகையால் தட்டத் தட்ட, இறுகிய சரளைக்குள் சட்டியின் மறுபாதி தெரிந்தது. கையிலிருந்ததைப் பக்கத்தில் கொண்டுபோனார். உடைந்த விளிம்பும் உடைந்த விளிம்பும் கச்சிதமாகச் சேர்ந்தன.

“இந்தப் பக்கச் சரளையை யாரும் கிளறினதே இல்லை, ஐயா,” என்றார். “வச்சவங்க வச்சபடி இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல. பழங்காலப் புதைகுழிதான்னு நான் எழுதறேன். சுண்ணாம்பை மட்டும் தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. அந்த இடம் காலியாவே இருக்கட்டும்.”

பங்காரு அதற்குள் வாளி எடுக்கக் கிளம்பிவிட்டாள். போகிற போக்கில், “கோழிக்கு வேற சட்டி வாங்கியா,” என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பிரகாஷுக்கு ஆறவில்லை. “செத்தவன் எவனையோ பொதைச்ச எடம். உன் பாட்டனா அது? இதுக்கு இன்னா இவ்ளோ பெருமை?”

பூபாலன் நிமிர்ந்தார். மாலை இன்னும் அவர் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, கல் இல்லாத அந்த இடத்தில் மண்ணின்மேல் வைத்தார்.

“எவுரா இருந்தா இன்னாடா? எங்க மேட்டுல படுத்துகினுகீறாரு. நான் கீற வரைக்கும் எவனும் எழுப்ப முடியாது.”