பின்வாசல் தீர்மானம்

மொட்டை மாடிக் கூட்டத்தில் முதல் ஆளாக அவள்தான் கையைத் தூக்கினாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"கையை இறக்கும்மா. உன் கை கணக்குல வராது."

செயலாளர் வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அதே கட்டடத்தில் இரண்டாவது மாடிக்காரர். மருந்துக்கடை வைத்திருப்பவர், டாக்டர் சீட்டில்லாமல் சொந்தத் தங்கைக்குக்கூட மாத்திரை தராத மனிதர்.

"வீடு மாப்பிள்ளை பேர்ல இருக்கு. யார் பேர்ல வீடோ அவங்க நேர்ல வந்து கை தூக்கணும். விதி அப்படி."

"அவரால மூணு மாடி ஏறி வர முடிஞ்சா எனக்கு எதுக்குண்ணே இந்தத் தீர்மானம்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

தீர்மானம் ஒரே வரிதான். பின்வாசல் கதவைப் பகலில் திறந்து வைக்க வேண்டும். கட்டடம் சரிவில் நிற்கிறது. முன்வாசலில் பதினொரு படிகள். ஆனால் அவள் வீட்டு நிலையிலிருந்து, தெருமுனைக்குப் போகும் பின்சந்து வரைக்கும் ஒரே மட்டம், ஒரு கல் தடுக்காது. ஏழு வருடத்துக்கு முன் இரண்டு சைக்கிள்கள் திருட்டுப் போனதும் அந்தக் கதவுக்குப் பூட்டு வந்தது. அதன் பிறகு ஒரு சைக்கிள் மணிகூடக் காணாமல் போனதில்லை என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மின்வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஏணியிலிருந்து விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. காலை எட்டு மணிக்கு அண்ணன் வந்து முதுகைக் காட்டிக் குனிவார். மாப்பிள்ளையைச் சுமந்து படி இறங்கி, தெருமுனைக் கடையில் மிக்ஸி, மின்விசிறி பழுதுபார்க்க உட்கார வைப்பார். மாலை ஆறுக்குத் திரும்பவும் சுமந்து வருவார். மழை, காய்ச்சல், எதற்கும் ஒரு நாள் தவறியதில்லை. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். இதில் ஒரு சங்கடம், பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு வெளியே போவதென்றால்கூட அந்த மனிதர் மச்சானைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அண்ணனுக்கும் தங்கைக்கும் அரசியலில் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. தேர்தலன்று சேர்ந்தே போவார்கள், ஆளுக்கொரு கட்சிக்குக் குத்தி, ஒருவர் ஓட்டை மற்றவர் அடித்துவிட்டுச் சேர்ந்தே திரும்புவார்கள். சட்டம் போட்டு யாரையும் நல்லவனாக்க முடியாது, சொந்தபந்தம் இருக்கும்போது சர்க்காரை எதற்கு எதிர்பார்க்க வேண்டும், ஏதோ காரணத்தோடு போட்ட பூட்டை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது என்பது அவர் கட்சி. மனிதனுக்கு உரியதை உபகாரமாக வாங்க வைக்கக் கூடாது என்பது இவள் கட்சி.

"நான் தூக்கிட்டுப் போறேன்ல? ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா?" என்று போன வாரம்கூடக் கேட்டார்.

"இல்லண்ணே. அதான் கஷ்டமே. நீங்க திட்டினாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

இப்போது கைகள் எண்ணப்பட்டன. ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு, அண்ணனையும் சேர்த்து, ஒன்பது.

"சமமா வந்தா, இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும். அதுவும் விதிதான்."

ஆதரவு கேட்டு அவள் வீடு வீடாக ஏறி இறங்கிய மூன்று வாரமும் இந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. அழக் கூடாது என்று எதிர் மாடிக் கொடியில் தொங்கிய துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. நோட்டைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"மொத்தம் பத்தொன்பது வீடு. பதினெட்டுக் கைதான் வந்திருக்கு. எல்லாரும் இருங்க, யாரும் எழுந்து போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தண்ணீர் குடிக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வெகுநேரம் கழித்துப் படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முதலில் கணவனின் தலை தெரிந்தது. அவனுக்குக் கீழே, வியர்வையில் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்ட அண்ணனின் முகம். ஐம்பத்தாறு வயதில் மூன்று மாடி. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவர் உட்கார வைக்கவில்லை.

"நேர்ல வந்தாச்சு. மாப்பிள்ளை, ஒரு கையால கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையைத் தூக்குங்க."

"மச்சான், நீங்க இதுக்கு எதிர்ப்பாச்சே…"

"எதிர்ப்புதான். என் கையை நான் தூக்கியாச்சு. உங்க கையைத் தூக்குங்க, இடுப்பு விட்டுப்போகுது."

அண்ணனின் தோளுக்கு மேலே கணவனின் கை உயர்ந்தது. நெட்டுக்குத்தாக, விரல்கள் விரிந்து, அந்த மாடியிலேயே உயரமான கையாக நின்றது.

"பத்துக்கு ஒன்பது!" அண்ணன் முக்கி முனகிக் கத்தினார். "தீர்மானம் நிறைவேறியது. செயலாளர் எதிர்ப்புன்னும் எழுதுங்க. ராத்திரி பத்துக்கு நான் பூட்டுவேன், அதையும் எழுதுங்க."

எதிர்த்துக் கை தூக்கியவர்களும் சேர்ந்துதான் தட்டினார்கள். அவள் அழுதாள், சிரித்தாள், முந்தானையால் முதலில் துடைத்தது அண்ணன் முகத்தைத்தான்.

மறுநாள் எட்டு மணிக்கு அவர் வந்துவிட்டார், கையில் சாவியும் எண்ணெய்க் கிண்ணமுமாக. பூட்டு இரண்டு திருப்பு முரண்டு பிடித்து வாய் பிளந்தது. கதவு திறந்ததும் சந்தின் வெயில் நடையில் நீளமாக விழுந்தது. பழக்க தோஷத்தில் அண்ணன் நாற்காலிக்கு முன்னால் போய் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"வழி விடுங்க மச்சான்."

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சக்கரங்கள் நிலையைத் தாண்டின, திரும்பின, சரிவில் வேகமெடுத்தன. கணவன் திரும்பிப் பார்க்கவேயில்லை. தெருமுனையிலிருந்து மணியடித்தது போலக் குரல் மட்டும் வந்தது. "மச்சான்! டீ சாப்பிடலாம், வாங்க!"

"மெதுவா, மாப்பிள்ளை! மெதுவா!" என்று கத்திக்கொண்டே அண்ணன் ஓடினார். சட்டைப்பையில் பூட்டு குதிக்க, எட்டிப் பிடிக்க முடியாமல், வெறும் கைகளை வீசி ஓடினார்.