கோணலாக வெட்டுகிறவள்

மூன்று வயது செங்கமலத்தின் மார்பெலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில், உடம்புக் காவலுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாடக்கண்ணு என்ற வெள்ளையணு வரிசையில் நின்றான். காலையில்தான் பிறந்திருந்தான். மீசை இருந்தது.

தேர்வு சின்னதுதான். பிள்ளையின் உடம்பிலிருந்தே ஒரு புரதத் துண்டைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். தொட வேண்டும். தொட்டும் ஒன்றுமே தெரியாதவனை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள், அப்படியே கரைந்துபோவான். இறுக்கிப் பிடிக்கிறவன் நாளைக்கு இந்தப் பிள்ளையையே அடிப்பான் என்று பின்வாசலுக்கு அனுப்பிவிடுவார்கள். பின்வாசலுக்கு வெளியே எதுவும் கட்டப்படவில்லை. பட்டும் படாமலும் தொடுகிறவனுக்குத்தான் வேலை.

துண்டு போடுவது நொதியின் வேலை. இங்கே நொதியாக இருந்தவள் தங்கபுஷ்பம். உடம்பின் மற்ற இடங்களில் வெட்டுகிறவர்கள் எல்லோரும் நேராக வெட்டுவார்கள். இவள் மட்டும் கோணலாக வெட்டுவாள். அதை விசாரிக்க மேற்பார்வையாளர் வந்திருந்தார். வந்து உட்கார்ந்ததும் நாற்காலியாகிவிட்டார். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"ஊரோட ஒத்து வெட்டத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார். நேரா வெட்டுனா சில பயலுவ இறுக்கிப் பிடிச்சிருதானுவ. சிலவனுக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்கு."

"நேரா வெட்டுங்க."

வெட்டினாள். மாடக்கண்ணுவுக்கு முன்னால் நின்றவன் தொட்டான். கையை எடுக்கவே முடியவில்லை. தட்டோடு பின்வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். தங்கமான பையன், பாவம்.

அடுத்து மாடக்கண்ணு. தொட்டான். ஒன்றும் தெரியவில்லை. வேறு துண்டு வந்தது, அதுவும் நேராக. அதற்குள் முழங்காலுக்குக் கீழே அவன் இல்லாமல் போயிருந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்ன தம்பி, ஒண்ணும் தெரியலையா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"இல்லக்கா. இடுப்பும் போவுது."

தங்கபுஷ்பம் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பேச்சு நின்றது. மடியில் வைத்துக் கோணலாக ஒரு துண்டு வெட்டி நீட்டினாள்.

மாடக்கண்ணு தொட்டான். தெரிந்தும் தெரியாமலும் ஒரு சூடு, தூங்குகிற பிள்ளையின் நெற்றி மாதிரி. கையை எடுத்துக்கொண்டான். இடுப்பு வந்தது, கால் வந்தது, செருப்பும் வந்தது.

"பாஸ். போ."

"அக்கா, உங்களுக்கு நான் என்ன..."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தப் புள்ளைய பத்திரமா பாத்துக்கிடு. அடுத்த ஆளு வா."

வெளியே போகிற நடை நீண்டுகொண்டே போனது. அவன் அதைக் கடந்தபோது செங்கமலம் வேலைக்குப் போகிற பெண்ணாகியிருந்தாள். அன்றைக்கு அவளுக்குக் கடுங்காய்ச்சல். தொண்டையில் யாரோ அந்நியர்கள் குடியேறியிருந்தார்கள். மாடக்கண்ணு அவர்களை ஒருவர் விடாமல் தீர்த்துக்கட்டினான். காய்ச்சல் விட்டது. செங்கமலம் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். மாடக்கண்ணு மார்பெலும்புக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். வரிசை இல்லை, தட்டு இல்லை. வயது ஏற ஏறச் சுரப்பி சுருங்கி, அந்த இடம் முழுக்கக் கொழுப்பு உட்கார்ந்திருந்தது.

"தங்கபுஷ்பம் அக்கா இருக்காங்களா?"

"இங்க இனிமே ஆள் எடுக்கிறதில்ல," என்றது கொழுப்பு.

அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும். கொழுப்பைப் பார்த்துக் கைகூப்பினான்.

"புள்ள சாப்பிட்டுருச்சுக்கா," என்றான்.

"தெரியும் தம்பி. ரசத்துச் சூடு இங்க வரைக்கும் வந்துச்சு," என்றது கொழுப்பு.